மெம்பர் காலியாக விட்ட கட்டம்

எங்கள் நகரசபை மெம்பருடைய பதவி போன கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கதை, ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு கதை. இந்த ஊர்க்காரர்கள் கூட்டுச் சேர்ந்து குழி பறித்தார்கள் என்பார் ஒருவர். நம்ம ஆட்களே பொறாமையில் போட்டுக்கொடுத்தார்கள் என்பார் இன்னொருவர். எல்லாம் காற்றுவாக்கில் கேட்டது. முழுக் கதையும் தெரிந்தவள் நான். அவர் மகனுக்குப் பெண் கொடுத்தவள், சலவைக்கடைக்காரி. அவரை இறக்கிவிட்ட வாக்குமூலமும் என்னுடையதுதான். அதனால் நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன். ஆனால் பொய் சொல்லமாட்டேன்.

இருபத்து நாலு வயதில் ஒரு பெட்டியும் வார் அறுந்த ஒரு பையுமாக இந்த நாட்டில் வந்து இறங்கியவர் அவர். முதல் வேலை ஆஸ்பத்திரிச் சமையலறையில். நோயாளிகள் சாப்பிட்டு மிச்சம் வைத்த தட்டுகள் ரப்பர் பட்டையில் நகர்ந்து வரும். மிச்சத்தை வழித்துத் தொட்டியில் தள்ளிவிட்டுத் தட்டை மெஷினில் செருக வேண்டும். அப்படி மூன்று வருஷம். "எந்த வார்டுல யாரு தேறுவாங்க, யாரு தேறமாட்டாங்கன்னு தட்டைப் பாத்தே சொல்லிருவேன்" என்று பின்னாளில் மேடையில் பேசுவார். கைதட்டல் அள்ளும். இந்த ஊர்க்காரர்களும் தட்டுவார்கள்.

அதற்கப்புறம் லைசென்ஸ் எடுத்து பஸ் டிரைவர் ஆனார். பதினாலாம் நம்பர். ஆஸ்பத்திரியில் கிளம்பி, சந்தை வழியாக, மேட்டுக் குடியிருப்பைச் சுற்றிக்கொண்டு நகரசபை அலுவலக வாசலில் முடிகிற வண்டி. பத்தொன்பது வருஷம் ஓட்டினார். கடைசி நிறுத்தத்தில் அவருக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஓய்வு உண்டு. மற்ற டிரைவர்கள் சிகரெட் பிடிப்பார்கள். இவர் ஸ்டீயரிங் மேல் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு, இந்த ஊர் மொழி தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். வீட்டு விண்ணப்பம், பள்ளிக்கூட விண்ணப்பம், வேலை போனவர்களுக்கான விண்ணப்பம். அந்த வண்டியில் டிக்கெட் எடுத்தவர்களில் பாதிப் பேருக்குப் போகிற இடம் எதுவும் கிடையாது. படிவத்தோடு ஏறுவார்கள், படிவத்தோடு இறங்குவார்கள்.

நானும் அப்படி ஏறியவள்தான். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்த வருஷம், ஆஸ்பத்திரியிலிருந்து வாரத்துக்கு ஒரு கட்டுக் கடிதம் வரும். அத்தனையையும் அந்த மனுஷன்தான் படித்துச் சொன்னார். ஒருநாள் ஒரு கடிதத்தைப் படித்தவர் சட்டென்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இது அவ்வளவு முக்கியமில்ல, அப்புறம் பாக்கலாம்" என்றார். இனி வைத்தியம் இல்லை என்று எழுதியிருந்த கடிதம் அது. ரெண்டு நாள் கழித்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

முதல் தேர்தலில் அறுபத்திரண்டு ஓட்டில் தோற்றார். இரண்டாவதில் ஜெயித்தார். ஜெயித்த மறுநாள் பதவி ஏற்கக் கோட்டு வேண்டுமே. பழைய துணிக்கடையில் ஒரு நீலக் கோட்டு வாங்கி வந்தார். தோள் சரியாக இருந்தது, கை மட்டும் விரல் நுனிவரை தொங்கியது. என் கடைக்கு எடுத்து வந்தார். சுருக்கித் தைக்க உட்கார்ந்தால் நீல நூல் தீர்ந்துபோயிருக்கிறது. கறுப்பு நூலில் தைத்தேன். உள்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்.

என் கடை குறுகலானது. ரெண்டு பெரிய மெஷின், ஒரு உலர்த்தி, ஒரு இஸ்திரி மேஜை, அவ்வளவுதான். வருகிற துணி ஒவ்வொன்றுக்கும் பெயரும் நம்பரும் எழுதிய சீட்டைக் குத்தி, வரிசையாகக் கொக்கியில் மாட்டுவேன். சுவரோரம் இருக்கிற கடைசிக் கொக்கி மட்டும் நம்ம வீட்டுத் துணிக்கு. அதற்குச் சீட்டு கிடையாது. எனக்கே தெரியாதா எது யாருடையது என்று? மகள் அவர் வீட்டுக்கு மருமகளாகப் போன நாளிலிருந்து மெம்பருடைய துணியும் அந்தக் கொக்கிக்கு வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு ஆறு வருஷம் முன்பே என் வீட்டுக்காரர் போய்விட்டார். மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதித்துக் கண்ணாடி பொருத்துகிறவர், தங்கமான பையன். பதிவு அலுவலகத்தில் பதினைந்து நாற்காலி போட்ட ஒரு சின்ன அறையில் கையெழுத்துப் போட்டார்கள். பெண் பக்கத்து நாற்காலிகளில் நான் ஒருத்திதான். அதைப் பார்த்துவிட்டு மெம்பர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சம்பந்தியம்மா, இனிமே உங்களுக்கு யாருமில்லைன்னு நினைக்கவே கூடாது. நான் இருக்கேன்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வார்த்தையை நான் ஐந்து வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

பதவியில் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் அவர்கள் வாயில் இஸ்திரிப் பெட்டியை வைப்பேன். மேட்டுக் குடியிருப்பு நிறுத்தத்துக்குக் கூரை வந்தது அவரால். வயதானவர்கள் இருக்கும் கட்டடத்தில் எட்டு வருஷமாக ஓடாத லிஃப்ட் ஓடியது அவரால். ஆனால் அவர் நகரசபையையும் பதினாலாம் நம்பரையும் ஒன்றாக நினைத்துவிட்டார். பஸ்ஸில், ஓடி வருகிற ஆளுக்காகப் பத்து விநாடி நிறுத்தினால் நல்ல டிரைவர் என்பார்கள். அலுவலகத்தில் ஒரு ஆளுக்காக வரிசையை நிறுத்தினால் அதற்கு வேறு பெயர்.

நடத்தை விதிக் குழுவின் முதல் எச்சரிக்கை, வீட்டு வசதிக் கவுன்டரில் ஒரு கிளார்க்கைப் பார்த்து எல்லார் முன்னாலும் கத்தியதற்கு வந்தது. கைக்குழந்தையோடு நின்ற பெண்ணை அந்த ஆள் மூன்று மணி நேரம் நிற்க வைத்திருந்தான், அது உண்மை. ஆனால் மெம்பர் அவனை வேலையைவிட்டுத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டியதும் உண்மை. இரண்டாவது, நகரசபை வீடு யாருக்கு என்ற பட்டியல் வெளியாகும் முன்பே ஒரு குடும்பத்துக்கு போன் போட்டு "உங்களுக்குக் கிடைச்சாச்சு" என்று சொன்னதற்கு. அவர்கள் சந்தோஷத்தில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். பட்டியல் வந்தபோது அவர்கள் பெயர் இரண்டு இடம் கீழே இறங்கியிருந்தது. ஒரு மாசம் அவர் வீட்டு ஹாலில்தான் அந்தக் குடும்பம் தங்கியது.

இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களும் அவர் வீட்டு அலமாரியில், கரன்ட் பில்லோடு கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி, அதாவது மெம்பருடைய மனைவி, என் முன்னாலேயே கேட்டார்கள்.

"மூணாவது வந்தா என்னங்க ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. மூணு தடவை ஹாரன் அடிச்சா டிரைவரை இறக்கி விட்டுருவாங்களா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்துத் தொலைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அங்கேதான் இருப்பேன். மகள், மாப்பிள்ளை, மூன்று வயதுப் பேத்தி எல்லாரும் அந்த வீட்டில்தானே. மெம்பரும் நானும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு வாயாகப் பேத்திக்கு ஊட்டுவோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பஸ் ஸ்டாண்டு ஓரமாக நகரசபைக்குச் சொந்தமான ஒரு கடை காலியாகிறது என்று தெரிந்தது. அகலமான கண்ணாடி, உயரமான கூரை, முக்கியமாகத் தரையிலேயே தண்ணீர் போக வழி. அந்த வழி இல்லாமல் நான் பதினோரு வருஷமாக வாளியில் தண்ணீர் அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். சலவைக்கடைக்காரிக்குத்தான் தெரியும் அந்த அருமை.

நானே விண்ணப்பம் போட்டேன். மகள் தட்டச்சு செய்தாள். மெஷின்கள் எங்கே நிற்கும், கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தேன். ஏழு தடவை அழித்து வரைந்தேன். மொத்தம் நான்கு பேர் போட்டிருந்தோம். அதிகாரி எங்கள் நாலு பேர் கடையையும் நேரில் வந்து பார்த்து மார்க் போட்டார். நான் முதலாவது. இரண்டாவது வந்த போன் ரிப்பேர்க்காரரைவிடப் பதினோரு மார்க் அதிகம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்த முதல் மார்க். அந்தத் தாளை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன், கேலி செய்யாதீர்கள்.

மார்க் வந்தாலும் ஐந்து மெம்பர்கள் கொண்ட குழு கை தூக்கினால்தான் செல்லும். அந்த ஐந்தில் ஒருவர் நம்மவர். நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முந்தின விஷயம் ஏதோ கிடங்கு வாடகை. அதில் பேக்கரிக்கார மெம்பருடைய மைத்துனர் பெயர் இருந்தது. அவர் பேசாமல் எழுந்து, பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டு, வெளியே போய்விட்டார். அந்த விஷயம் முடிந்ததும் ஒருவர் போய்க் கூப்பிட, வந்து உட்கார்ந்தார். அவ்வளவு எளிது.

அடுத்து என் பெயர். நம்மவர் எழுவார் என்று பார்த்தேன். எழவில்லை. முதல் ஆளாகக் கை தூக்கினார். மற்ற நாலு கையும் தூக்கின. அஞ்சுக்கு அஞ்சு. அவர் வெளியே போய் ஒரு டீ குடித்திருந்தாலும் நாலுக்கு நாலு என்று எனக்கே கிடைத்திருக்கும். பொய் சொல்லமாட்டேன் என்றேனே, அன்றைக்கு அந்தக் கையைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பெருமைக்கு நடுவிலே ஏதோ உறுத்தியது. வாசலில் வைத்துக் கேட்டேன்.

"சம்பந்தி, அந்த பேக்கரிக்காரர் மாதிரி நீங்களும் வெளிய போயிருக்கணுமில்ல?"

"என்ன பேசறீங்க? உங்க பேர் வரும்போது நான் எழுந்து வெளிய போனா என்ன அர்த்தம்? பொண்ணு கொடுத்த வீட்டுக்கு ஒரு கை தூக்கக்கூட மனசில்லைன்னு நீங்க நினைக்கமாட்டீங்க?"

"நான் நினைக்கமாட்டேன்."

"நீங்க நினைக்கமாட்டீங்க. உங்க பொண்ணு நினைப்பா. ஊர் நினைக்கும். விடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவருடைய தப்பு எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். மரியாதையிலிருந்து வந்தது. சபையில் எழுந்து போவது என்பது நம் பழக்கத்தில் அவமதிப்பு. உட்கார்ந்திருப்பதுதான் உறவு. இங்கே அது தலைகீழ். முப்பது வருஷம் இந்த நாட்டில் இருந்தும் அந்த ஒரு நாற்காலியிலிருந்து எழ அவருக்குக் கால் வரவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். சாப்பாடு முடிந்து எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது யாரோ கடையைப் பற்றிக் கேட்டார்கள். மெம்பர் ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் நம்ம கைதான். நான் இல்லைன்னா அந்தக் கடை கிடைச்சிருக்குமா? என் மகனுக்குப் பொண்ணு கொடுத்தவங்களுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?"

எனக்கு முகத்தில் அறைந்தது போல ஆனது. "நான் முதல் மார்க் வாங்கினேன் சம்பந்தி" என்றேன். சுற்றி இருந்தவர்கள் காதில் விழவில்லை. "மார்க் எல்லாம் சும்மா" என்று கையை வீசினார். பதினோரு மார்க்கும் என் பென்சில் படமும் அந்தக் கைவீச்சில் போயின. அவருடைய அண்ணன் மகன் அதை போனில் படம் பிடித்து, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் இருக்கிற குடும்பக் குழுவில் பெருமையாகப் போட்டான். குடும்பக் குழுவில் போட்டது குடும்பத்தோடு நிற்குமா? மூன்றாம் நாள் அது போன் ரிப்பேர்க்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் நம்ம மொழிக்காரர்தான். அவர் புகார் கொடுத்தார். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இங்கே அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் மெம்பர்கள் நிரப்புகிற படிவம் அது. உங்களுக்கு வேண்டியவர்கள் யார் யார் என்று கேட்டிருப்பார்கள். மனைவி, பிள்ளைகள், பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், தொழில் கூட்டாளி என்று எட்டுக் கட்டம். மகனின் மாமியாருக்குக் கட்டம் கிடையாது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு உறவே இல்லை. கல்யாணத்தன்று கை குலுக்குவார்கள், அப்புறம் ஆளுக்கொரு காரில் ஏறிப் போய்விடுவார்கள். ஆனால் ஒன்பதாவதாக ஒரு கட்டம் இருக்கிறது: மேலே சொன்னவற்றில் அடங்காத, உங்களுக்கு நெருக்கமான வேறு யாராவது. ஐந்து வருஷமாக மெம்பர் அந்த ஒன்பதாவது கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தார்.

விசாரணைக்கு எனக்கும் அழைப்பு வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேஜையில் எனக்குப் பாடம் நடந்தது.

"எவ்வளவு நாளைக்கு ஒருதரம் பாப்பீங்கன்னு கேப்பாங்க. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தரம்னு சொல்லுங்க. அவ்வளவுதான்" என்றார் மெம்பர்.

"பொய்யில்லையா சம்பந்தி?"

"நெருக்கம்னு ஆயிட்டா என் பதவி மட்டும் போகாது. உங்க கடையும் போயிரும், யோசிச்சுக்குங்க."

என் மகள் என் தோளில் கை வைத்தாள். "அம்மா, மாமா சொல்றத மட்டும் சொல்லிட்டு வந்துரு. நான் இந்த வீட்டுல இருக்கணும்மா" என்றாள். அண்ணி கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

சரி என்று தலையாட்டினேன். ஆமாம், பொய் சொல்லத்தான் போனேன். மூன்று நாள் இஸ்திரி போட்டுக்கொண்டே "வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தரம்" என்று இந்த ஊர் மொழியில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். என் வீட்டுக்காரருடைய கடிதத்தைப் பையில் மறைத்து வைத்து ரெண்டு நாள் சுமந்த மனுஷனுக்காக ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது மாடி. கம்பளம் விரித்த அறை. மேஜையில் தண்ணீர் ஜாடி, பேசினால் சிவப்பு விளக்கு எரியும் மைக். நடத்தை விதிக் குழுவில் மூன்று பேர். தலைவியாக இருந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பெண்மணி. மெம்பர் அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் பின்வரிசையில், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் நடுவில்.

ஒன்பதாவது கட்டம் ஏன் காலி என்று தலைவி கேட்டார். மெம்பர் நிதானமாக, மேடையில் பேசுகிற அதே குரலில் பதில் சொன்னார். "அந்தப் பெண்மணி எனக்கு யாரும் இல்லை. என் மகனுடைய மனைவிக்குத் தாய், அவ்வளவுதான். உங்கள் சட்டப்படி அது உறவு இல்லை. நான் உங்கள் சட்டத்தைத்தான் பின்பற்றினேன்."

யாரும் இல்லை. பதிவு அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் சொன்னது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் சொல்கிறார், நாமும் அதைத்தானே சொல்ல வந்திருக்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தலைவி விடவில்லை. "அப்படியானால் நான் செய்யாமல் வேறு யார் செய்வார் என்று வீட்டில் ஏன் பேசினீர்கள்?"

மெம்பர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "அவர் என் பெயரைச் சொல்லிப் பல இடங்களில் காரியம் சாதித்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். குடும்பத்தில் சண்டை வேண்டாமே என்று அப்படிப் பேசி வைத்தேன். மார்க் போட வந்த அதிகாரியிடமும் என் பெயரைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்."

இது அந்தச் சமையலறைப் பாடத்தில் இல்லாதது. என் மகள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மெம்பர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவரைக் காப்பாற்றப் பொய்யை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், அவர் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கடை போனால் போகட்டும். நான் வாங்கிய அந்த ஒரே மார்க்கையும் திருட்டு மார்க் ஆக்கிவிட்டாரே.

என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. "நீங்களும் அவரும் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை சந்திப்பீர்கள்?"

"ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்" என்றேன்.

அறையில் சலசலப்பு. மகள் "அம்மா" என்றாள், நம் மொழியில். நான் நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த உடைந்த மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். "ஐந்து வருஷமாக. ஒரே சோபாவில் உட்கார்ந்து பேத்திக்கு ஊட்டுவோம். என் கணவர் சாகப்போகிறார் என்று என்னிடம் சொன்னவர் அவர். என் மகளை அவர் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். எங்களுக்கு இதைவிட நெருக்கம் கிடையாது. அவர் போட்டிருக்கிற கோட்டின் கையைத் தைத்ததுகூட நான்தான். உள்ளே புரட்டிப் பாருங்கள், கறுப்பு நூல் இருக்கும்."

மெம்பர் தன்னை அறியாமல் தன் கையைப் பார்த்தார். அதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"அவருடைய பெயரை அதிகாரியிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார் தலைவி.

"நான் யார் பெயரையும் சொல்லவில்லை. கழிவுநீர்க் குழாயின் படத்தைத்தான் காட்டினேன். அவரை எழுந்து வெளியே போகவேண்டாமா என்று கேட்டவளும் நான்தான்" என்றேன். அதற்கப்புறம் குரல் உடைந்துவிட்டது. அழுகை இல்லை, கோபம். எனக்குக் கோபம் வந்தாலும் அப்படித்தான் உடையும்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. நெருங்கிய உறவை மறைத்தது, அந்த உறவினருக்காக ஓட்டுப் போட்டது, விசாரணையில் பொய் சொன்னது. மூன்று மீறல், பழைய ரெண்டையும் சேர்த்து ஐந்து. பதவி நீக்கம், ஆறு வருஷம் தேர்தலில் நிற்க முடியாது. பத்து வருஷத்தில் அவர் ஒரு பைசா வாங்கினதில்லை என்பதையும் அதிலேயே எழுதியிருந்தார்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள். அதில் நான் அவருக்கு நெருங்கிய உறவினர் என்று நான்கு இடத்தில் இருக்கிறது. இந்த நாட்டில் நாங்கள் உறவு என்று சொல்கிற தாள் அது ஒன்றுதான். கூடவே இன்னொரு கடிதம்: கடை ஒதுக்கீடு ரத்து. என் மார்க்கில் குறை இல்லை, நடைமுறையில் குறை என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காவது நன்றி. இப்போது அந்தக் கடையில் போன் ரிப்பேர்க்காரர் இருக்கிறார். அவருக்குத் தரையில் தண்ணீர் போகிற வழி எதற்கு? மேலே பலகை போட்டு மூடிவிட்டார்.

மகள் இரண்டு மாதம் பேசவில்லை. அப்புறம் பேசினாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை வா என்று கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. மாப்பிள்ளைதான் வாரம் ஒருமுறை பேத்தியைக் கூட்டி வந்து காட்டிவிட்டுப் போவார். மெம்பரைப் பற்றி நான் கேட்கமாட்டேன், அவரும் சொல்லமாட்டார். ஊரில் எனக்கு வீட்டைக் கவிழ்த்தவள் என்று பெயர். கவிழ்த்தது யார் என்று விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கிறது.

போன வாரம், ஒரு மத்தியான நேரம், ரெண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்தார். இளைத்திருந்தார். கையில் ஒரு பை. கவுன்டரில் வைத்துவிட்டு நின்றார்.

"சம்பந்தியம்மா, நல்லா இருக்கீங்களா?"

நான் பையைப் பிரித்தேன். நீலக் கோட்டு, ரெண்டு வெள்ளைச் சட்டை, அடியில் பேத்தியுடைய மஞ்சள் கம்பளிக் கோட்டு.

"டிப்போல புது டிரைவர்களுக்குப் பாடம் எடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை போகணும். அதான் கோட்டு..." என்றார்.

சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பேனா மூடியைத் திறந்தேன்.

"பேரு சொல்லுங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சுவரோரக் கொக்கியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெஷின் ஒன்று சுற்றி முடித்து நின்றது. அப்புறம் சொன்னார், ஓட்டுச் சீட்டில் அச்சடித்திருப்பார்களே, அதே மாதிரி இனிஷியலோடு, முழுசாக. நான் எழுத்துப் பிசகாமல் எழுதினேன். கோட்டுக்கும் சட்டைகளுக்கும் சீட்டுக் குத்தி, மறுபாதியைக் கிழித்து நீட்டினேன்.

"எப்ப வாங்கிக்கலாம்?"

"சீட்டுல போட்டிருக்கு."

வாங்கிக்கொண்டார். போகவில்லை. "அன்னிக்கு அங்க நான்..." என்று ஆரம்பித்தார்.

கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அடுத்தது யாரு?" என்றேன்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகுதான் கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். கையின் உள்பக்கம் கறுப்பு நூல் அப்படியே இருந்தது, ஒரு தையல்கூட விடவில்லை. இப்போது என்னிடம் நீல நூல் நாலு கண்டு இருக்கிறது. மாற்றவில்லை. வாடிக்கையாளர்களுடைய வரிசையில், நம்பர்படி, கோட்டை மாட்டினேன்.

பேத்தியின் மஞ்சள் கோட்டை மட்டும் கடைசிக் கொக்கியில் போட்டேன். அதற்குச் சீட்டு எழுதவில்லை.